தோசைக்கல் பெரிது, சுருள் சிறிது

இண்டக்‌ஷன் அடுப்பில் 30 செ.மீ. தோசைக்கல்லை வைத்து மாவு ஊற்றினால் பல வீடுகளில் நடப்பது இதுதான்: நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு வளையம் மட்டும் சிவந்து முறுகுகிறது, ஓரம் வெளுத்துப்போய், கல்லைவிட்டு எழும்ப மறுக்கிறது. சூட்டைக் கூட்டினால் வளையம் கருகுகிறதே தவிர ஓரம் வேகவில்லை. மாவு புளிக்கவில்லை, கல் பழகவில்லை என்று காரணம் தேடுகிறோம். உண்மையான காரணம் அந்தக் கண்ணாடிக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கல்லின் அகலத்துக்கும், கண்ணாடியின் அடியில் இருக்கும் செப்புச் சுருளின் அகலத்துக்கும் பொருத்தமில்லை.

நம் கைகள் கேஸ் அடுப்பில் பழகியவை. பெரிய பர்னரா, சின்ன பர்னரா என்று பார்ப்போம். அதற்குமேல் கணக்குப் பார்ப்பதில்லை. தீயும் அதற்கு இடம் கொடுக்கிறது. பர்னரிலிருந்து எழும் சூடான வாயு பாத்திரத்தின் அடியைத் தடவிக்கொண்டே வெளிப்புறமாகப் பரவி, விளிம்பைத் தாண்டி மேலே ஏறும். பர்னரின் தலை சிறிதாக இருந்தாலும் அகலமான கல்லின் ஓரம்வரை ஏதோ ஒரு சூடு போய்ச் சேரும். பாத்திரம் சிறியதானால் தீ பக்கவாட்டில் வெளியேறிக் கைப்பிடியைச் சுடும், எரிவாயு வீணாகும். ஆனாலும் சமையல் நடந்துவிடும். வீட்டு எல்.பி.ஜி. அடுப்புக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 4246, குறைந்தது 68 சதவீத வெப்பத்திறன் வேண்டும் என்கிறது. அந்தச் சோதனைக்கும் பர்னர் எரிக்கும் வாயுவின் அளவுக்கேற்ற பாத்திரத்தைத்தான் வைக்கச் சொல்கிறது. பெரிய பர்னரில் டீ போடும் பாத்திரத்தை ஏற்றிவிட்டு அந்த 68-ஐ எதிர்பார்க்க முடியாது.

இண்டக்‌ஷனில் தீ என்று ஒன்றே இல்லை. கண்ணாடிக்குக் கீழே, கொசுவர்த்திச் சுருளைப்போலத் தட்டையாகச் சுற்றப்பட்ட செப்புக் கம்பி இருக்கிறது. மெல்லிய கம்பி இழைகள் பலவற்றை முறுக்கிச் செய்தது அது. அதன் வழியே மின்னோட்டம் நொடிக்கு இருபதாயிரம் முறைக்கும் மேல் திசை மாறி ஓடுகிறது. நம் காதுக்கு எட்டாத அதிர்வெண் வேண்டும் என்பதற்காகவே 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வைக்கிறார்கள். சுருளைச் சுற்றி உண்டாகும் காந்தப்புலமும் அதே வேகத்தில் மாறிக்கொண்டே இருக்கும். மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பதை 1831-ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் கம்பி சுற்றிக் கண்டறிந்தார். 1855-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் லியோன் ஃபூக்கோ, காந்த முனைகளுக்கிடையே ஒரு செப்புத் தட்டைச் சுழற்றினார். சுழற்றுவது கடினமாயிற்று, தட்டும் சூடேறிற்று. தட்டுக்குள் உண்டான சுழல் மின்னோட்டங்கள்தான் அதற்குக் காரணம். தோசைக்கல்லைச் சுட வைப்பதும் அதே சுழல் மின்னோட்டம்தான்.

அப்படியானால் அடுப்பு எது? சூடு பிறக்கும் இடம் பாத்திரத்தின் அடி. சுருள் மின்மாற்றியின் முதல் சுற்று என்றால், பாத்திரத்தின் அடி அதன் இரண்டாவது சுற்று. பாத்திரம் இல்லாமல் அந்த மின்சுற்று நிறைவடைவதில்லை. அதனால்தான் பாத்திரத்தின் விட்டம், உலோகம், தட்டைத்தன்மை மூன்றும் இங்கே இத்தனை முக்கியமாகின்றன. 1971-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் வீட்டு உபயோக இண்டக்‌ஷன் அடுப்பை வீடு கட்டுவோர் மாநாட்டில் காட்டியது. பின்னர் விற்பனைக்கு வந்தபோது, அதற்கேற்ற பாத்திரங்களின் தொகுப்பையும் சேர்த்தே விற்றார்கள். அடுப்பும் பாத்திரமும் ஒரே கருவி என்பது அதைச் செய்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. கடையில் அடுப்பைத் தனியாகவும் பாத்திரத்தைத் தனியாகவும் வாங்கிவரும் நமக்குத்தான் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அடியில் சூடு எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்த்தால் தோசையின் வளையம் புரிந்துவிடும். சுருளின் மையத்தில் கம்பி கிடையாது. கண்ணாடியின் சூட்டை அளக்கும் சிறிய உணரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சுழல் மின்னோட்டமும் சுருளைப் பின்பற்றியே வட்டம் வட்டமாக ஓடுகிறது. நட்ட நடுவில் அது பூச்சியம். சுருளின் உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் இடைப்பட்ட பகுதியில் உச்சம். வெளிவிளிம்பைத் தாண்டினால் சட்டென்று சரிந்துவிடும். ஆக, நேரடியாகச் சூடேறுவது ஒரு வளையம் மட்டுமே. நடுப்பகுதியும் ஓரமும் அந்த வளையத்திடமிருந்து கடன் வாங்கித்தான் சூடாக வேண்டும்.

ஆழத்திலும் இப்படித்தான். இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் தோலில் மட்டுமே ஓடும். காந்தம் ஒட்டும் இரும்பில் அந்தத் தோலின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. செம்பில் 0.4 மி.மீ.க்குச் சற்று மேல், அலுமினியத்தில் அரை மி.மீ.க்குச் சற்று மேல். மெல்லிய தோலில் நெருக்கியடித்துக்கொண்டு ஓடும்போது மின்தடை கூடும். தடை கூடினால் சூடு கூடும். இரும்பு இந்த அடுப்பில் சட்டென்று சூடேறுவதும், செம்பும் அலுமினியமும் சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பில் சும்மா கிடப்பதும் இதனால்தான்.

இப்போது ஒரு கணக்கு. அடுப்பின் மேல் அச்சிட்ட வட்டத்தை நம்ப வேண்டாம்; ஒற்றை அடுப்புகளில் உள்ளே இருக்கும் சுருள் அந்த வட்டத்தைவிடச் சிறியதாக இருப்பது உண்டு. சுருள் 18 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கல் 30 செ.மீ. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 18-ன் வர்க்கத்தை 30-ன் வர்க்கத்தால் வகுத்தால் 0.36. கல்லின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய பகுதிதான் சுருளின் மேல் இருக்கிறது. மீதி அறுபத்து நான்கு சதவீதமும் வெளியே. சுருளின் விளிம்பிலிருந்து கல்லின் விளிம்புவரை எந்தப் பக்கம் போனாலும் 6 செ.மீ. தூரம்.

அந்த 6 செ.மீ. தூரத்தைச் சூடு கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது உலோகத்தைப் பொறுத்தது. தோராயமாகச் சொன்னால் வார்ப்பிரும்பில் நான்கு நிமிடம். அலுமினியத்தில் அரை நிமிடத்துக்குச் சற்று மேல். எவர்சில்வரில் கால் மணி நேரம். கடைகளில் 'ட்ரை-பிளை' என்று விற்கும் பாத்திரங்களில் இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே அலுமினியத்தை வைத்து அழுத்தியிருப்பதன் நியாயம் இதுதான்: காந்தம் ஒட்டும் எஃகு அடியில் சூட்டைப் பிறப்பிக்கும், அலுமினியம் அதை ஓரத்துக்குக் கொண்டுபோகும். இந்த நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதையும் கவனிக்க வேண்டும். தூரம் பாதியானால் நேரம் கால்வாசியாகிவிடும். 30 செ.மீ. கல்லுக்குப் பதில் 25 செ.மீ. கல் என்றால் கடக்க வேண்டிய தூரம் மூன்றரை செ.மீ.தான்; வார்ப்பிரும்பிலேயே அது ஒன்றரை நிமிட வேலை. கல்லின் பாதிப் பரப்பும் சுருளின் மேல் வந்துவிடும்.

தோசை சுடும்போது இன்னொன்றும் நடக்கிறது. மாவில் பெரும்பகுதி தண்ணீர். அது ஆவியாகும்போது கல்லிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. வளையப் பகுதி இழந்ததைச் சுருள் உடனே ஈடுகட்டிவிடும். ஓரம் இழந்தது திரும்பி வர மறுபடியும் அந்த நான்கு நிமிடம் வேண்டும். நாம் அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. அதனால்தான் பெரிய கல்லில் முதல் தோசை ஓரளவு வந்துவிட, மூன்றாவது நான்காவது தோசைகளின் ஓரம் மேலும் மேலும் வெளுக்கிறது. கல்லைத் திருப்பி வைத்தும் பயனில்லை, வட்டத்தைத் திருப்பினால் வட்டமே வரும். கொஞ்சம் நகர்த்தி வைத்தால் ஒரு பக்க ஓரம் பிழைக்கும், மறுபக்கம் இன்னும் கெடும். ஒற்றைச் சுருள் அடுப்பு வைத்திருப்பவர்கள் 24, 25 செ.மீ. அளவில் தடிமனான கல் ஒன்றை வாங்குவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. 30 செ.மீ. கல்தான் இருக்கிறது என்றால், தொடக்கத்தில் குறைந்த வாட்டில் ஐந்தாறு நிமிடம் சூடேற்றி, தோசையைச் சுருளின் அகலத்தைவிடக் கொஞ்சமே பெரிதாக வார்க்கலாம்.

சுருளின் உண்மையான அளவைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. அடி தட்டையான, அகலமான, மெல்லிய பாத்திரம் ஒன்றில் அரை செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அடுப்பை அதிக வாட்டில் வைத்துப் பாருங்கள். முதல் குமிழிகள் ஒரு வளையமாக எழும். அந்த வளையத்தின் வெளிவிட்டத்தை ஸ்கேலால் குறித்துக்கொண்டால், அடுத்த முறை பாத்திரக் கடைக்குப் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டிய எண் அதுவே. பாத்திரம் அதற்குச் சமமாகவோ, இரண்டு மூன்று செ.மீ. கூடவோ இருந்தால் நல்லது.

எந்த அளவைப் பார்ப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. பாத்திரங்களில் பெரும்பாலும் வாயின் விட்டத்தையோ, எத்தனை லிட்டர் என்பதையோதான் அச்சிடுகிறார்கள். அடுப்புக்கு வேண்டியது அடியின் விட்டம். 24 செ.மீ. என்று போட்ட வறுவல் சட்டியின் அடி பல நேரம் 18 செ.மீ. அளவில்தான் இருக்கும். அந்த அடியிலும் காந்தம் ஒட்டும் பகுதி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 'இண்டக்‌ஷன் பேஸ்' என்று விற்கப்படும் அலுமினியக் குக்கர்களின் அடியில் எஃகுத் தகடு ஒன்றைப் பதித்திருப்பார்கள். தகடு அடி முழுவதையும் மூடாமல் நடுவில் மட்டும் இருப்பதுண்டு. சில நான்-ஸ்டிக் தவாக்களில் ஓட்டை ஓட்டையான தகடு. ஓட்டைகளில் தெரிவது அலுமினியம். பார்ப்பதற்கு 20 செ.மீ. அடி, அடுப்பின் கணக்கில் அதைவிடக் குறைவு.

ஃப்ரிட்ஜில் ஒட்டும் சிறு காந்தம் ஒன்று கையில் இருந்தால் போதும். அடியின் நடுவிலும் ஓரத்திலும் இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள். நம் எவர்சில்வர் பாத்திரங்களில் ஒரு சூட்சுமம் உண்டு. அவற்றில் பல, காந்தம் ஒட்டாத எஃகு வகையைச் சேர்ந்தவை. ஆனால் தகட்டை அழுத்தி வளைத்துப் பாத்திரமாக்கும்போது, நன்றாக வளைந்த இடங்களில் எஃகின் உள்ளமைப்பு மாறி லேசாகக் காந்தத்தன்மை வந்துவிடும். விளிம்பில் காந்தம் சோம்பலாக ஒட்டுகிறதே என்று வாங்கிவந்தால், அடுப்பு அந்தப் பாத்திரத்தை ஏற்றுக்கொள்ளாது. அடியின் நடுவில் காந்தம் 'டக்' என்று பிடித்துக்கொள்ள வேண்டும்.

வாணலியின் கதை வேறு. சுருளிலிருந்து விலக விலகக் காந்தப்புலம் வேகமாக வலுவிழக்கும். உருண்டை அடியுள்ள இருப்புச் சட்டி கண்ணாடியைத் தொடுவது ஓர் இடத்தில்தான். மற்ற இடமெல்லாம் மேலே வளைந்து போய்விடுகிறது. விட்டம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. சீன உணவகங்களுக்காகச் சுருளையே குழிவாகச் சுற்றிய அடுப்புகள் இருக்கின்றன. நம் வீட்டுக்கு, அடி தட்டையான வாணலியே போதும்.

பாத்திரம் சுருளைவிடச் சிறியதாக இருந்தால் என்ன ஆகும்? கேஸ் அனுபவத்திலிருந்து, மின்சாரம் வீணாகும் என்று நினைக்கத் தோன்றும். இங்கேதான் இண்டக்‌ஷன் நம்மை வியக்க வைக்கிறது. 18 செ.மீ. சுருளின் மேல் 12 செ.மீ. அடியுள்ள பாத்திரத்தை வைத்தால் சுருளின் பரப்பில் 44 சதவீதம்தான் மூடப்படுகிறது. மூடப்படாத பகுதியில் சூடு பிறக்க உலோகமே இல்லை, ஆகவே அங்கே சூடு வீணாகவும் வழியில்லை. அடுப்பு மின்சாரத்தைக் குறைத்து இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். திரையில் 2000 வாட் என்று தெரியும். உண்மையில் பாத்திரத்துக்குப் போவது ஆயிரத்துக்கும் குறைவாக இருக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 293 கிலோஜூல் வேண்டும். 85 சதவீதத் திறனில் 2000 வாட் முழுதும் போனால் மூன்று நிமிடத்துக்குள் முடியும். 900 வாட்தான் போகிறது என்றால் ஆறு நிமிடத்துக்கு மேல். செலவோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. 2014-ல் அமெரிக்காவின் எலக்ட்ரிக் பவர் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் சோதித்துப் பார்த்தபோது, சிறிய பாத்திரம் வைத்ததும் பழைய மின்கம்பி அடுப்பின் திறன் பெரிதும் விழுந்தது; இண்டக்‌ஷனின் திறன் கிட்டத்தட்ட அசையவில்லை. நேரம் போகிறதே தவிரப் பணம் போவதில்லை.

இன்னும் சிறிதாக்கினால் அடுப்பு மறுத்துவிடும். சுருளின் மேல் போதிய உலோகம் இல்லை என்றால் மின்சுற்று அதை உணர்ந்து, கத்திவிட்டு நின்றுவிடுகிறது. மேலே கிடக்கும் கரண்டியோ மோதிரமோ சூடேறிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. பெரும்பாலான ஒற்றை அடுப்புகளின் கையேடு 12 செ.மீ. என்ற எல்லையைச் சொல்கிறது.

சிறிய பாத்திரத்தில் பால் காய்ச்சும்போது வேறொரு தொல்லை. விலை குறைந்த அடுப்புகளால் குறைந்த வாட்டில் தொடர்ந்து ஓட முடியாது. 300 வாட் வைத்தால், சில நொடி முழு வேகத்தில் ஓடிச் சில நொடி நிற்கும், சராசரிதான் 300. அரை லிட்டர் பாலுக்கு அந்தச் சில நொடி போதும், பொங்கி வழிய. அடி தடித்த பாத்திரம் இந்த ஏற்ற இறக்கத்தை உள்வாங்கிச் சமன் செய்யும். பாலுக்குத்தான் தடித்த அடி முதலில் தேவை என்று நான் சொல்வது இதற்காகவே.

அளவுப் பொருத்தமின்மை பாத்திரத்தையே கெடுக்கவும் செய்யும். மெல்லிய அகலமான தவாவை வெறுமனே வைத்து முழு வாட் கொடுத்தால், வளையம் நொடிகளில் 200 டிகிரி தாண்டும். ஓரம் இன்னும் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும். 18 செ.மீ. எஃகு 200 டிகிரி சூடேறினால் நீளுவது 0.4 மி.மீ. அளவுதான். ஆனால் ஓரம் இறுகிப் பிடித்துக்கொண்டு இடம் கொடுக்காதபோது, அந்தச் சிறு நீட்சி மேலோ கீழோ சில மி.மீ. குமிழாகப் புடைக்கும். ஒருமுறை புடைத்த அடி கண்ணாடியில் உட்காராமல் ஆடும், சுருளிலிருந்து விலகும், எண்ணெய் ஓரத்துக்கு ஓடும். நான்-ஸ்டிக் பூச்சுக்கு 260 டிகிரிக்கு மேல் ஆபத்து. நடுவில் இருக்கும் உணரிக்கு வளையத்தின் சூடு தாமதமாகத்தான் தெரியவரும். வெற்றுத் தவாவை அதிக வாட்டில் வைக்கவே கூடாது.

அளவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாத்திரம் சுருளை மூடாதபோது காந்தப்புலத்தின் ஒரு பகுதி பக்கவாட்டில் வெளியே கசியும். சுவிட்சர்லாந்தின் மத்திய பொதுச் சுகாதார அலுவலகம், வட்டத்துக்குப் பொருந்திய பாத்திரத்தை நடுவில் வைத்துச் சமைக்கும்படியும், அடி வளைந்த பாத்திரத்தைத் தவிர்க்கும்படியும் மக்களுக்கு அறிவுரை தருகிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அடுப்பிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருப்பது நல்லது என்கிறது பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன். தம் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பாவில் மேடையில் பதிக்கும் அடுப்புகளில் 14.5, 18, 21, 28 செ.மீ. என்று வெவ்வேறு வட்டங்கள் இருக்கும். பாத்திரத்தைப் பார்த்து வட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். காகனாவ் என்ற ஜெர்மன் நிறுவனம் 48 சிறு சுருள்களைப் பரப்பி, பாத்திரம் எங்கே இருக்கிறதோ அங்குள்ள சுருள்களை மட்டும் இயக்கும் அடுப்பைக் கொண்டுவந்தது. அதன் விலை நம் சமையலறைக்கு எட்டாது. நம்மிடம் இருப்பது ஒரே சுருள். ஆகவே இட்லிப் பானை, குக்கர், பால் பாத்திரம் எல்லாம் அந்த ஒன்றுக்கு ஒத்துப்போக வேண்டும். அடி 16-லிருந்து 20 செ.மீ.க்குள் இருக்கும் பாத்திரங்களாகத் தேர்ந்தெடுத்தால் அன்றாடச் சமையலில் பெரும்பகுதி தடையின்றி நடக்கும்.

மிஞ்சுவது தாளிப்பு. தாளிக்கும் கரண்டியின் அடி உருண்டை, அகலமும் போதாது. இரண்டு வகையிலும் அடுப்பு அதை மறுக்கும். இதற்காகவே இரும்புத் தட்டு ஒன்றை விற்கிறார்கள்; அதை அடுப்பில் வைத்து அதன்மேல் கரண்டியை வைக்க வேண்டும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அப்போது சூடாவது தட்டு. அதிலிருந்து கரண்டிக்கு மெதுவாகத்தான் சூடு ஏறும், அதற்குள் கீழே உள்ள கண்ணாடியும் கொதித்துவிடும். நல்ல வழி, 12 அல்லது 13 செ.மீ. தட்டை அடியுள்ள சின்ன இருப்புச் சட்டி. ஒரு கரண்டி எண்ணெய் அதில் மெல்லியதாகப் பரவிவிடும், கடுகு மூழ்காது. சட்டியைச் சாய்த்துப் பிடித்தால் அடுப்பு நின்றுவிடும். ஆகவே எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட்டு, மிதமான வாட்டில் காயவைத்து, கடுகை வளையம் இருக்கும் பகுதியில் தூவ வேண்டும். நடுவில் போட்ட கடுகு வெடிக்கத் தாமதமாகும். சாம்பாருக்கும் கூட்டுக்கும் என்றால், சமைக்கும் பாத்திரத்திலேயே முதலில் தாளித்துவிட்டு அதன்மேல் வேகவைத்த பருப்பையும் காயையும் சேர்ப்பது இன்னும் எளிது.